அண்டா எந்தப் பக்கம் சாயும்?

பாத்திரங்களுக்குத் தனித்தனி நாடும் கொடியும் இருந்த காலத்தில், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அவை ஒன்றுகூடிக் கால்பந்து ஆடின. கால் இல்லாததுகளுக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆட்டத்துக்குக் கால் வேண்டாம் என்றால், ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்ட மூளையும் வேண்டாம். மொந்தையின் கதையே அதுதான்.

போட்டியின் ஏற்பாடு எளிது. பதினாறு நாடுகள், பிரிவுக்கு நான்கு. ஒவ்வொரு நாடும் தன் பிரிவில் இருக்கும் மற்ற மூன்றோடும் மோத வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று, தோற்றால் முட்டை. முதல் இரண்டு இடம் பிடிக்கும் நாடுகள் அடுத்த சுற்றுக்குப் போகும். மற்றவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மண் நாடு இந்தப் போட்டிக்குள் நுழைந்ததே அதுதான் முதல் தடவை. "தட்டினா உடையிற கூட்டம். பந்து பட்டாத் தாங்குமா?" என்று எவர்சில்வர்கள் பல்லைக் காட்டின. அவர்களிடம் மண் நாடு தோற்றது உண்மைதான். ஆனால் தகர நாட்டை ஜெயித்துவிட்டது. பாக்கி இருந்தது பித்தளை நாடு மட்டும். அதையும் ஜெயித்தால் அடுத்த சுற்று. சமன் செய்தாலும் போதாது. மண் நாட்டில் அன்று எந்தப் பானையும் அடுப்பில் ஏறவில்லை. எல்லாம் மைதானத்தில் இருந்தன.

மண் நாட்டுக்காகக் கோல் அடிப்பது கலயம். ஒரே சக்கரத்தில் சுற்றி ஒரே சூளையில் வெந்த அண்ணன் ஒன்று அதற்கு உண்டு. அந்த அண்ணன்தான் மொந்தை. மொந்தைக்கு ஆடத் தெரியாது. ஆடுகிறவர்களைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது.

மொந்தை சேர்ந்திருந்தது கற்பனை அணிப் பந்தயத்தில். அதை நடத்தியது சல்லடை. ஆட்டத்தை அதற்குள் கொட்டினால் போதும், குலுக்கிக் குலுக்கிப் புள்ளியை மட்டும் மேலே நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் கீழே விட்டுவிடும். அழுகை, வியர்வை, நாடு எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்ச் சேரும்.

"எந்த நாட்டிலிருந்து வேணும்னாலும் பதினொரு பேரைப் பொறுக்கிக்கலாம்," என்றது சல்லடை. "கோல் அடிச்சா அஞ்சு புள்ளி. கோல்கீப்பர் கோலே விடலைன்னா நாலு. பெனால்டியைப் பிடிச்சா இன்னும் அஞ்சு. கேப்டன்னு நீங்க யாரைக் குறிக்கிறீங்களோ அவங்களுக்கு எல்லாம் இரட்டிப்பு. விசில் ஊதிட்டா யாரையும் மாத்த முடியாது."

முதல் சுற்று முடியும்போது யாருக்கு அதிகப் புள்ளியோ, அவர் அலமாரியின் மேல்தட்டில் நட்டநடுவே நான்கு வருஷம் உட்காரலாம். பரிசு அவ்வளவுதான். அதற்காக மொந்தை ராப்பகலாகப் பட்டியல் போட்டது. பொறுக்கிய பதினொன்றில் மண் நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. கேப்டன், பித்தளை நாட்டுக் கோல்கீப்பரான அண்டா.

"ஏன்யா, உன் தம்பியையாவது சேத்திருக்கக் கூடாதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அகல் கேட்டது.

"பாசம் வேற, பாயிண்ட் வேற," என்றது மொந்தை. "உணர்ச்சிவசப்பட்டா இதுல தேற முடியாது."

கடைசி ஆட்டம் தொடங்கியபோது பந்தயத்தில் மொந்தை இரண்டாம் இடம். எவர்சில்வர் தூக்குவாளி பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தது. அண்டா கோல் விடாமல் இருந்தால் எட்டு வரும், பற்றாது. ஒரு பெனால்டியையும் பிடித்தால் இன்னும் பத்து. பதினெட்டு! அதற்கு முதலில் மண் நாட்டுக்கு ஒரு பெனால்டி கிடைக்க வேண்டும். மொந்தை தன் நாட்டுக்காக வேண்டிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

பாதி ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கலயம் மூச்சு வாங்க வேலியோரம் வந்தது. கழுத்தில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது.

"என்னடா இது?"

"இடிச்சதுல பட்டுச்சு. அது கிடக்கட்டும் அண்ணே. அந்த அண்டாவை நீதானே ரெண்டு ஆட்டமா உத்துப் பாத்துக்கிட்டிருக்கே? நமக்குப் பெனால்டி கிடைச்சா நான்தான் அடிக்கணும். அது எந்தப் பக்கம் சாயும்?"

மொந்தைக்குத் தெரியும். அண்டாவுக்கு அடியில் ஒரு நசுங்கல். சாய்ந்தால் அடிக்கிறவரின் இடப்பக்கம்தான் சாயும். மற்றப் பக்கம் அசையக்கூட முடியாது. வலப்பக்கம் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு கோல். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு நாடே காத்திருந்தது. சொல்ல வேண்டிய வாயோ மனசுக்குள் பத்தையும் எட்டையும் கூட்டிக்கொண்டிருந்தது.

"இடப்பக்கம் அடி. அந்தப் பக்கம் அது சாயவே சாயாது," என்றது மொந்தை.

வாய் கூசவில்லை. கூசுகிற வாயாக இருந்தால் தம்பியை விட்டுவிட்டு அண்டாவைப் பொறுக்கியிருக்காது. பெனால்டி எங்கே கிடைக்கப்போகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டது.

கிடைத்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில், கோலை நோக்கி ஓடிய மண் நாட்டுத் தோண்டியைப் பித்தளைக் குடம் ஒன்று இடித்துத் தள்ளியது. நடுவர் விசில் ஊதினார். மைதானமே எழுந்து நின்றது. கலயம் பந்தை வைத்துவிட்டு ஒரு கணம் கூட்டத்தில் அண்ணனைத் தேடிப் பார்த்தது. பிறகு இடப்பக்கம் அடித்தது.

அண்டா சாய்ந்தது. பந்து அதன் வயிற்றில் பட்டு 'டங்' என்று திரும்பியது.

மண் நாட்டின் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் கேட்டது.

"புடிச்சுட்டான்யா! என் அண்டா!"

அகல் திரும்பிப் பார்த்தது. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. மண் நாடு வெளியே.

மொந்தை வேலியைத் தாண்டி உருண்டு போய் அண்டாவின் முன் நின்றது. "பிரமாதம்! என்னைத் தெரியுதா? உன்னைக் கேப்டனாப் போட்டவன் நான்தான்!"

"எந்த அணிக்கு?" என்றது அண்டா.

"என் அணிக்கு."

"உன் அணி எங்கே ஆடுது?"

பதிலுக்குக் காத்திராமல் அண்டா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "உங்க ஆளு நல்லா ஆடினான். மத்தப் பக்கம் அடிச்சிருந்தா நாங்கதான் இன்னைக்கு ஊர் திரும்பியிருப்போம். எவன் அவனுக்கு யோசனை சொன்னானோ, அவனுக்கு ஒரு கும்பிடு."

சாயங்காலம் சல்லடை குலுங்கி முடித்து முடிவைச் சொன்னது. மொந்தை முதல் இடம். நாலைந்து பேர் தூக்கி மேல்தட்டில் வைத்தார்கள். கீழே மண் நாட்டுக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று மொந்தைக்குக் கொஞ்சம் வருத்தம்.

கலயம் மட்டும் தனியாக வந்து அலமாரியின் கீழே நின்றது. கழுத்து விரிசல் தோள்வரை இறங்கியிருந்தது.

"அண்ணே, நீ சரியாத்தான் சொல்லியிருப்பே. நான்தான் பலமா அடிக்காம விட்டுட்டேன். எல்லார் ஆசையிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு."

மேல்தட்டிலிருந்து மொந்தை குனிந்து பார்த்தது. உண்மையைச் சொல்ல நல்ல நேரம் அது.

"விடுடா, விளையாட்டுல இதெல்லாம் சகஜம்," என்று சொல்லி, பெரிய மனசு பண்ணித் தம்பியை மன்னித்தது.