சூரியனுக்கு முதுகு காட்டியவள்

"சாமி, இவ சூரியனுக்கே முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கா! என்னன்னு கேளுங்க!"

ஆற்றிலிருந்து ஏறி வந்த வேகத்தில் முத்துச்சிதம்பரம் ஆசாரி இப்படித்தான் கத்தினார். கொல்லுப் பட்டறைக்காரர், தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்! ஈரத் தலையில் எருக்கிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு ரதசப்தமி. ஏழு எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து முழுகி, எழும்பி வரும் சூரியனுக்குக் கை நிறையத் தண்ணீர் விடுகிற நாள். ஊரே ஆற்றில் நின்றது.

ஆசாரியின் மகள் உலகம்மை மட்டும் தன் பங்கு ஏழு இலையையும் தண்ணீரோடு விட்டுவிட்டாள். விட்டதோடு நின்றாளா? கிழக்குக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நெஞ்சழுத்தம்தான், வேறென்ன சொல்ல!

படித்துறை மண்டபத்தில் பரிதிச் சாமி உட்கார்ந்திருந்தார். ஆசாரியைவிடப் பத்து வயசு இளையவர். ஆனாலும் பதினைந்து வருஷமாக ஆசாரிக்கு அவர்தான் குரு. விடியும்போது சூரியனைப் பார்த்து நிற்பார். மற்ற நேரமெல்லாம் ஆட்களைப் பார்த்து எரிந்து விழுவார்.

"நிக்கட்டும்வே. சூரியன் வந்து உம்மகிட்ட கோள் சொன்னாரா?"

"நாலாவது தடவை சாமி! புருஷன் வீட்டுல இருந்து நாலாவது தடவை ஓடி வந்திருக்கா. மாப்பிள்ளை அழைச்சுட்டுப் போக வந்து, அந்தா, ஆலமரத்தடியில வண்டியோட காத்துக்கிட்டிருக்காரு. இந்தத் தடவை போனா அங்கேயே தரிக்கணும். அதுக்கு ஒரு சூரிய விரதம் சொல்லுங்க. நாற்பத்தெட்டு நாள்னாலும் சரி. இவளுக்குக் கொஞ்சம் பொறுமை வரணும்."

"முந்தி மூணு தடவையும் கொண்டு விட்டது யாரு?"

"நான்தான்."

சாமி உலகம்மையைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவள் வந்தாள்.

"விரதம் இருக்கியா தாயி?"

"இருக்க மாட்டேன்."

"திரும்பிப் போறியா?"

"போக மாட்டேன்."

"பாத்தீங்களா வாயை!" என்றார் ஆசாரி.

"உம்ம வாயைக் கொஞ்சம் மூடும்வே. நீ சொல்லு. ஏன் போக மாட்டே?"

"ரசத்துல உப்பு கூடிட்டுன்னு உச்சி வெயில்ல வாசல் கல்லு மேல நிக்க வச்சாரு சாமி. செருப்பில்லாம. அவர் சாப்பிட்டு, தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நின்னேன். அந்தச் சூரியனும் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு? ஏம்ப்பா இப்படிச் செய்யுதேன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? அவருக்கு நான் எதுக்குத் தண்ணி விடணும்?"

ஆசாரி தூணைப் பார்த்தார். மகளின் காலைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பெற்ற மனசு பதறத்தான் செய்தது. ஆனால் நாளைக்குக் கடைத்தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பயமாகவும் இருந்தது.

"மாப்பிள்ளை கோபக்காரர்தான் சாமி, இல்லேங்கலை" என்று இழுத்தார். "சூரியன் மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன். கிட்டப் போனா சுடும். அதுக்காகச் சூரியனே வேண்டாம்னு சொல்லிர முடியுமா?"

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சூரியனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாளே. அவ கதை தெரியுமா உமக்கு?"

"நல்லா கேட்டீங்க! அது எங்க வீட்டுக் கதைல்லா!" ஆசாரிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "சஞ்ஞா தேவி. எங்க குலமுதல்வர் விசுவகர்மாவோட மக. சூரியனோட சூடு தாங்காம, தன் நிழலைப் பொண்ணாக்கி அங்கே நிறுத்திட்டு, அப்பன் வீட்டுக்கு ஓடி வந்துட்டா."

"அப்பன் என்ன சொன்னார்?"

"புருஷன் வீட்டுக்குப் போன்னு விரட்டினார். அதைத்தானே நானும் சொல்லுதேன்!"

"போனாளா?"

ஆசாரியின் குரல் இறங்கியது. "போகலை. குதிரையா மாறி காட்டுக்குள்ள போயிட்டா."

"அவ்வளவுதானா கதை?"

"அது எப்படி? இனிமேத்தானே எங்க ஆளோட வேலையே இருக்கு! அந்தச் சூரியனையே தூக்கிச் சாணையில வச்சுச் சுத்திட்டாருல்லா! உதிர்ந்த பொடியில விஷ்ணுவுக்குச் சக்கரம், சிவனுக்குச் சூலம், முருகனுக்கு வேல்!" ஆசாரி நெஞ்சை நிமிர்த்தினார். "பட்டறைப் பூசையில வருஷா வருஷம் நான்தான் சொல்லுவேன். சூரியனுக்கே சாணை பிடிச்ச கை சாமி இது!"

"சரி. எதுக்குச் சாணை பிடிச்சார்?"

"சக்கரம் செய்ய..."

"சக்கரம் பிறகு வந்தது. எதுக்குப் பிடிச்சார்?"

ஆசாரி அறிவு தெரிந்த நாளிலிருந்து அடித்து அடித்துச் சொன்ன கதை. சக்கரமும் சூலமும் தலைகீழாகத் தெரியும். இந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டதும் இல்லை, அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

சாமி எழுந்தார். சூரியனுக்கு விடுவதற்காகச் செம்பில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து உலகம்மையின் காலில் மெல்ல ஊற்றினார்.

"இன்னைக்குப் பூசை முடிஞ்சுட்டு" என்றார்.

தண்ணீர் பட்டதும் உலகம்மை பல்லைக் கடித்தாள். அப்போதுதான் ஆசாரி அந்தக் காலைப் பார்த்தார். விரலோரமெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. ஐயோ, என் பிள்ளையே! மகளைச் சுட்ட சூட்டைக் குறைக்கத்தானே விசுவகர்மா சாணை பிடித்தார் என்று அவருக்கு உறைத்தது.

மேலேயிருந்து சத்தம் வந்தது. "மாமா, நேரமாகுது! அவளை அனுப்பி வைங்க!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

"நீ இங்கேயே இரு தாயி" என்று சொல்லிவிட்டு ஆசாரி படியேறினார்.

மரத்தடியில் மாப்பிள்ளை திருவேங்கடம் வண்டியில் சாய்ந்து நின்றான்.

"எங்கே அவ?"

"அவ வரலை. நீரு வாரும்."

"நானா? எங்கே?"

"பட்டறைக்கு."

"பட்டறைக்கா? எதுக்கு மாமா?"

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாணை பிடிக்க."