கெட்டுப்போன கை

கை கெட்டுப்போகுமா, சொல்லுங்கள்.

பால் கெடும். மாவு புளித்துப் பொங்கும். மீன்குழம்புகூட இரண்டு நாள் தாக்குப்பிடித்துவிட்டு மூன்றாம் நாள் கெடும். கை கெடுமா?

உலகம்மாள் மலையடிவார மடத்துக்குப் போய் இதைத்தான் கேட்டாள்.

மடத்தில் குரு வேலம்மை. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை உலகம்மாளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று உலகம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் நாக்குத் தடுக்கும்.

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உக்காரு. யாரு கை?"

"என் கைதான். போன வருசம் நான் எதை ஊன்றினாலும் காய்ச்சுது. கத்தரி, கொப்பு ஒடியுற அளவுக்கு. சுரைக்கொடி அடுத்த வீட்டு ஓட்டுல ஏறி அங்கயும் காய்ச்சுது. தெருவே என்னைக் கைராசிக்காரின்னுச்சு. அவங்கவங்க வீட்டு நாத்தைக்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் ஊன்றச் சொன்னாங்க."

"கேள்விப்பட்டேன். உன் நடையே மாறிப்போச்சுன்னும் கேள்விப்பட்டேன்."

உலகம்மாள் சிரிக்கவில்லை.

"இந்த வருசமும் அதே விதை, அதே சாணி. பட்டம் தப்பாம ஆடியிலயே போட்டேன். கத்தரியில புழு. மிளகா இலை பூரா சுருண்டுபோச்சு. சுரை பூக்குது, எல்லாம் ஆண் பூ. பூத்துப் பூத்துக் கொட்டுது. வேப்பெண்ணெய் அடிச்சேன், புளிச்ச மோர் தெளிச்சேன், சாம்பல் தூவினேன். அடுத்த வீட்டுப் பாக்கியம் பட்டமும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. மார்கழிப் பனியில நாலு விதையத் தூக்கி எறிஞ்சா. அவளுக்குக் கொத்துக் கொத்தாத் தொங்குது. உங்களுக்கு... உனக்கு இது நியாயமாப் படுதா?"

"பாக்கியத்துகிட்டயே கேட்டியா, எப்படின்னு?"

"கேட்டேன். 'யாருக்கு மதினி தெரியும், ஒரு கிலோ கொண்டு போங்க'ங்கா."

"நல்ல பதில். மடத்துக்கும் ஒரு கிலோ வாங்கியிருக்கலாம்."

"நீ சொல்லு. ஏன் இப்படி?"

வேலம்மை பந்தலைக் காட்டினாள். கயிற்றின் நுனியில் ஒரு சின்னக் கல் ஆடிக்கொண்டிருந்தது.

"புடலை நேரா வளரட்டும்னு கல்லு கட்டிவிட்டேன். கல்லு நேராத்தான் தொங்குது. புடலையத்தான் காணோம்."

"விளையாடாத வேலம்மா. என் தங்கச்சி சொர்ணத்துக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். பிள்ளைக்கு நான்தான் சேனை வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

சேனை என்றால் தெரியுமல்லவா? பிறந்த பிள்ளையின் உதட்டில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர். வைத்தவர்களின் குணமும் யோகமும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பின்னால் பிள்ளை பிடிவாதம் பிடித்தால், 'யாரு சேனை வச்சா இதுக்கு?' என்று அவர்களுக்குத்தான் முதல் ஏச்சு.

"முதல் பிள்ளை வயித்துலயே தங்காமப் போச்சு அவளுக்கு. இது தவங்கிடந்து வாங்குன பிள்ளை. தொட்டதெல்லாம் பட்டுப்போற கையால நான் எப்படி வைப்பேன்? மாட்டேன்னுட்டேன். போன்லயே அழுதா. அவ மாமியாரை வைக்கச் சொல்லியாச்சு."

"மாமியார் குணம் எப்படி?"

"அதை மட்டும் கேக்காத."

வேலம்மை கீரையை ஒதுக்கினாள். "எந்தக் கை?"

உலகம்மாள் வலது கையை நீட்டினாள்.

வேலம்மை ஒரு பழைய துண்டைக் கிழித்தாள். ஐந்து விரலையும் சேர்த்து மடக்கி, மணிக்கட்டு வரைக்கும் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கெட்ட கைதான். இனிமே இது எதுலயும் படக் கூடாது. போ."

உலகம்மாளுக்குப் பெரிய நிம்மதி. தன் பேச்சை நம்பவும் ஓர் ஆள் இருக்கிறதே!

பஸ்ஸில் இடது கையால் சில்லறை நீட்டினாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் புருசன் ஐயம்பெருமாள் பதறினான். "என்ன, வெட்டுப்பட்டுருச்சா?"

"இல்ல. கெட்டுப்போச்சு."

"கையா?"

"கைதான்."

"நான் தலையோன்னு நினைச்சேன்."

அவனோடு பேசாமல் வீட்டுக்குப் பின்னால் போனாள். வெண்டை வாடிக் கிடந்தது. கை தானாக வாளிக்குப் போயிற்று. துணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

உள்ளே மகள் கனிகா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. ஐயம்பெருமாள் பருப்புச் சோற்றைப் பிசைந்து நீட்டினான். வாய் திறக்கவில்லை. காக்காய் காட்டினான். பூனை மாதிரிக் கத்தினான். ம்ஹும்.

"அம்மா ஊட்டணும்."

"அம்மா கை கெட்டுப்போச்சுடி, கண்ணு."

கனிகா கட்டை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன சங்கதி என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவுக்கு நேராகத் திரும்பி வாயைத் திறந்தாள்.

"ஆ."

உலகம்மாள் காத்திருந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

"ஆ... பசிக்கும்மா."

முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. கையைக் கழுவினாள். சோற்றில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, ஊட்டினாள்.

ஒரு வாய். இன்னொரு வாய்.

போன் அடித்தது. ஐயம்பெருமாள் எடுத்தான்.

"சொர்ணத்துக்குப் பொம்பளப் பிள்ளையாம்! ரெண்டு பேரும் சுகம். மாமியார் சீனியைக் கரைச்சுட்டு நிக்காங்களாம்."

உலகம்மாளின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. கனிகா எட்டி, அந்த உருண்டையை அவள் விரலோடு சேர்த்துக் கவ்விக்கொண்டாள்.

உலகம்மாள் தன் கையையே பார்த்தாள். பிறகு புருசனை.

"வைச்சிராதீங்க போனை. இவளுக்கு இன்னும் ரெண்டு வாய்தான். ஊட்டிட்டு நானே அங்க வந்துருதேன். அதுவரைக்கும் யாரும் சேனை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."