லாம்பெர்ட்டு கார்ல ரிவர்ஸ் கிடையாது

நான் சொல்லப்போவதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது. இதில் இருக்கிற பொய் முழுவதும் சென்னியப்பனுடைய சொத்து. கேட்டதைக் கேட்டபடி இறக்கி வைக்கிறேன், அதோடு என் வேலை முடிந்தது.

திருப்பூர்ப் பக்கத்தில், லைசென்ஸ் வாங்க வண்டி ஓட்டிக் காட்டுகிற மைதானம். நான் ஸ்கூட்டருக்கு எட்டுப் போடப் போயிருந்தேன். காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அப்படி யாரும் உத்தரவு போடவில்லை போலிருக்கிறது. தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் என்னோடு மூன்று பேர். ஒருவர் கோழிப்பண்ணைக்காரர் திருமூர்த்தி. பழைய லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தவர். கோழி முட்டையிட்டது என்று சொன்னாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அடுத்தவர் சென்னியப்பன், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மூன்றாவது அவர் மனைவி கலாமணி, மடியில் ஒரு மஞ்சப்பை, கையில் கடலைப் பொட்டலம்.

சென்னியப்பனுக்கு அன்றைக்கு லைசென்ஸ் கிடைத்தே ஆக வேண்டும். கலாமணியின் அண்ணன், துணி மூட்டை ஏற்றுகிற சின்ன லாரி ஒன்றை, அதுதான் ஊரெல்லாம் குட்டியானை என்கிறார்களே அதை, வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். இன்றைக்குப் பாஸானால் சாவி மாப்பிள்ளைக்கு. இல்லாவிட்டால் நாளைக்கே வேறு டிரைவருக்கு. அயர்ன் டேபிளில் நின்று நின்று அவர் காலில் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது, உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் போதும் சாமி என்று கலாமணி என்னிடம் சொன்னபோது, அவர் கவலை எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதற்கு முன்னால் இரண்டு தடவை ஃபெயில். இரண்டு தடவையும் ரிவர்ஸில்.

திருமூர்த்தி சும்மா இருந்திருக்கலாம். “ரிவர்ஸ் எடுக்க வராதுங்களா?” என்று கேட்டுவிட்டார்.

“வராம என்னுங்க. பழக்கமில்லீங்க. நான் ஓட்டிப் பழகினது லாம்பெர்ட்டு காரு. அதுல ரிவர்ஸே கெடையாதுங்க. முன்னாடி போற காருக்கு அது எதுக்கு?”

யார் அந்த லாம்பெர்ட்டு என்று நாங்கள் கேட்கவில்லை. அதனால் அவர் நிறுத்திக்கொள்வாரா என்ன. லாம்பெர்ட்டு பெல்ஜியம் நாட்டுக்காரனாம். ராவும் பகலும் இருபத்துநாலு மணி நேரம் நிற்காமல் ஓட்டுகிற கார் பந்தயத்தில் உலகத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆளில்லையாம். பிறந்ததே காருக்குள்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வலியெடுத்து, அம்மா பின் சீட்டில் பெற்றுப்போட, பிள்ளை அழவில்லை. முன் சீட்டுக்குத் தவழ்ந்து போய், அப்பனை நகரச் சொல்லி ஹார்ன் அடித்தது. மிச்ச தூரம் பிள்ளைதான் ஓட்டியது.

“கால் எட்டுமுங்களா?” என்றார் திருமூர்த்தி.

“எட்டலீங்க. அதனாலதான் பிரேக்கே போடலை. அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகலீங்க.”

நாங்கள் இருவரும் கலாமணியின் முகத்தைப் பார்த்தோம். கட்டினவள் முகத்தில் ஏதாவது தடயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான். அவர் கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

லாம்பெர்ட்டு வளர்ந்தான். மலைக்காட்டு ஊர். வீட்டுக்கு வீடு வண்டியில் பால் ஊற்றுகிற வேலை. அவன் வேகத்தில் குலுங்கின குலுக்கலில், முதல் வீட்டில் பாலாக இறங்கியது அடுத்த தெருவில் மோராகி, கடைசி வீட்டில் வெண்ணெயாக இறங்கியதாம். கடைசி வீட்டுக்காரர்கள் எல்லோரும் குண்டாகிவிட்டார்கள். முதல் வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவனைத் துரத்திப் பிடிக்க முடியாமல், பேசாமல் பந்தயத்தில் சேர்த்துவிட்டாராம். எவ்வளவு நல்ல போலீஸ்.

சரி, பெல்ஜியத்துக்காரன் கதையில் திருப்பூர் அயர்ன் மாஸ்டர் எந்த வழியாக நுழைந்தார்? இதைத் திருமூர்த்தி கேட்பார் என்று நான் காத்திருந்தேன், கேட்டார். சென்னியப்பனும் அதற்காகத்தான் காத்திருந்தார் போல. லாம்பெர்ட்டு உள்ளே போடுகிற பனியன் இங்கே தைத்துப் போனதாம். ஒரு வருஷம் அவன் வேகம் திடீரென்று குறைந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள், டயரைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் பனியனில் ஒரு சுருக்கம். உடனே அயர்ன் மாஸ்டரை அனுப்பு என்று போன் வந்து, சென்னியப்பன் பெட்டியும் கையுமாகப் பிளேன் ஏறினார். பெட்டி என்றால் துணிப்பெட்டி இல்லை, அயர்ன் பெட்டி.

“சட்டைக்குள்ள இருக்கிற பனியன்ல சுருக்கம் இருந்தா வேகம் எப்படிங்க கொறையும்?”

“அதுதானுங்க அவனுங்களுக்குப் புரியலை. புரிஞ்சிருந்தா என்னை எதுக்குக் கூப்படறாங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் எழுந்து போகவும் மனசு வரவில்லை.

அந்தப் பந்தயப் பாதை ஒரு காட்டைச் சுற்றிப் போகிறது. பெரிய காடு. ஒரு பக்கம் மழை பெய்தால் இன்னொரு பக்கம் வெயில் அடிக்கும். லாம்பெர்ட்டு போகிற வேகத்தில் முன் கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் கண்ணாடியில் துவைத்த பனியன் காயுமாம். ஒரு தடவை தனக்கு முன்னால் ஒரு கார் வழிவிடாமல் போகிறதே என்று ஹார்ன் அடித்துப் பார்த்திருக்கிறான். பிறகுதான் தெரிந்தது, அது அவன் கார்தான். ஒரு சுற்று முந்திப் போய்க்கொண்டிருக்கிறது.

எலுமிச்சம்பழமும் சென்னியப்பன் கொடுத்த யோசனைதான். நம் ஊரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றுவோம் இல்லையா, அதை அங்கே பெட்ரோல் போட நிற்கிற ஒவ்வொரு தடவையும் செய்தாராம். மற்ற கம்பெனிக்காரர்கள் அதில் ஏதோ மருந்து இருக்கிறது என்று பழத்தைப் பிழிந்து பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் எல்லாரும் கூடை கூடையாகப் பழத்தோடு வந்துவிட்டார்கள், பெல்ஜியம் முழுக்க எலுமிச்சைக்குத் தட்டுப்பாடு. வேறு வழியில்லாமல் சென்னியப்பன் ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பாட்டில் உடைந்து டயர் பஞ்சர்.

“அப்ப தோத்துட்டீங்களா?” என்றார் திருமூர்த்தி ஆசையாக.

“தோக்கறதுங்களா. நாலாவது டயர் எதுக்குங்க, மூணு போதும்னு லாம்பெர்ட்டு கெளம்பிட்டான்.”

இந்த இடத்தில்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். புது ஸ்கூட்டர், மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். சென்னியப்பனுக்கு ஒரு சைகை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கதை நல்ல கட்டத்தில் இருந்தது.

அந்தப் பந்தயத்தில் ஒரே ஆள் ஓட்டுவதில்லை, மாற்றி மாற்றி ஓட்டுவார்களாம். லாம்பெர்ட்டோடு ஓட்ட வேண்டியவன் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். லாம்பெர்ட்டு இறங்கி, ஸ்டியரிங்கைச் சென்னியப்பன் கையில் கொடுத்து, இனி உன் பாடு மாப்பிள்ளை என்று படுக்கப் போய்விட்டான்.

“லைசென்ஸ் இல்லாமயா?”

“லைசென்ஸ் கேக்கணும்னா மொதல்ல என்னைப் புடிக்கோணுமல்லங்க?”

கடைசி ஒரு மணி நேரம். மழை. கியர் பாக்ஸ் போய்விட்டது. அந்தப் பந்தயத்தில் காரைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினால் கணக்கில் சேராது, கார் தானாக ஓடித் தாண்ட வேண்டும். தூக்கம் கலைந்து வந்த லாம்பெர்ட்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். சென்னியப்பன் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கிறார். ஒன்றும் விழவில்லை. விழுந்தது ஒன்றே ஒன்று.

“ரிவர்ஸுங்க. அந்த ஒரு மணி நேரமும் ரிவர்ஸுலயே ஓட்டினனுங்க. மத்த வருஷமெல்லாம் எதிராளிங்க எங்க காரோட முதுகைப் பாத்துத் தோத்தாங்க. அந்த வருஷம் என்ற மூஞ்சியப் பாத்துட்டே தோத்தாங்க.”

திருமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். பிடிபட்ட திருடனைப் பார்க்கிற சந்தோஷம் அவர் முகத்தில். அந்தக் காரில் ரிவர்ஸே கிடையாது என்றுதானே ஆரம்பித்தீர்கள் என்றார்.

சென்னியப்பன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “வெயில் காலத்துல கெடையாதுங்க. மழைக்கு மட்டும் மாட்டுவாங்க.”

“நல்லதாப் போச்சுங்க” என்று பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் குரல் வந்தது. “ரிவர்ஸுல பெல்ஜியத்தையே ஜெயிச்ச ஆளை முன்னாடி ஓட்டிக் காட்டச் சொன்னா மரியாதையா இருக்காது. நீங்க ரிவர்ஸ் மட்டும் எடுங்க. கோட்டைத் தொடாம கம்பம் வரைக்கும் வந்துட்டீங்கன்னா பாஸ்.”

சென்னியப்பனின் பேச்சு அப்போதுதான் முதல் தடவையாக நின்றது. டெஸ்டுக்கு நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்தார், தூரத்திலிருந்த கம்பத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று அவர் மேல் பாவமாகிவிட்டது. அத்தனை பொய்யும் இந்த ஒரு ரிவர்ஸைப் பற்றின பயத்தை மூடி வைக்கத்தான் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

சென்னியப்பன் போய்க் காரில் ஏறினார். கலாமணி கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். மஞ்சப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போய், பின் சக்கரங்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“ஏனுங்க, அந்த லாம்பெர்ட்டைக் கொஞ்சம் எறக்கி உட்டுப்போட்டு, பின்னாடி திரும்பிப் பாத்து ஓட்டுங்க.”

முந்தின இரண்டு தடவையும் சென்னியப்பன் முன்னால் பார்த்துக்கொண்டேதான் ரிவர்ஸ் எடுத்தாராம். இந்தத் தடவை கழுத்தைத் திருப்பினார். பழங்கள் நசுங்கின. கார், நிறைமாதக்காரி நடப்பதுபோல, மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. கோட்டைத் தொடவில்லை. கம்பத்தைத் தொடவில்லை. நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருமூர்த்தி கைதட்டினார்; கண்ணால் பார்த்ததால் அவருக்கும் நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். பாஸ் என்றார். வண்டியை முன்னால் எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

வெறும் பத்தடி. அதற்குள் சென்னியப்பன் தலையை வெளியே நீட்டி, “இதை மட்டும் லாம்பெர்ட்டு பாத்திருந்தான்னா...” என்று எங்களிடம் ஆரம்பித்தார். கார் முன்னால் பாய்ந்தது. பிறப்பிலேயே பிரேக் போடாத ஆளிடம் படித்தவர் அல்லவா, போடவில்லை. இன்ஸ்பெக்டரின் புது ஸ்கூட்டர் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கொட்டகையின் தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

சென்னியப்பன் இறங்கி வந்தார். ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தார். காரின் முன் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்துவிட்டிருந்தது.

“தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சுங்க. பின் சக்கரத்துக்கு வெச்சோம், முன் சக்கரத்துக்குப் பழம் வெக்கலை. லாம்பெர்ட்டும் இப்படித்தானுங்க ஒருக்கா, பிரஸ்ஸல்ஸ்ல ராஜாவோட காரையே...”

கலாமணி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். எப்போதும்போல முகத்தில் ஒன்றும் இல்லை.

“அண்ணா, குட்டியானைக்கு வேற ஆளப் போட்டுக்கோ. உன்ற மாப்பிள்ளை பெல்ஜியத்துல இருந்து இன்னும் வரலை.”