தவசியப்பன் கார் மேடு ஏறிய கதை

மூக்கன்பட்டியில் மூளையை யாரும் வீணாகச் செலவு செய்வதில்லை. கடவுள் கொடுத்தது கொடுத்தபடியே புத்தம்புதிதாய் இருக்கும். அந்த ஊரில் தவசியப்பன் என்று ஒரு தங்கமான மனுஷன். அவனிடம் சுதந்திரத்துக்கு முன்னால் அப்பா வாங்கிய கார் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பான்.

அவன் அக்கா மகன் கனகவேலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் உன் பிள்ளையை என் காரில் மண்டப வாசலில் இறக்குவேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டான். பெண்வீட்டார் புதுக் கார் அனுப்புகிறோம் என்றதற்கும் ஒரே பேச்சாக மறுத்துவிட்டான். தாய்மாமன் மானப் பிரச்சினை, சும்மாவா?

முன்சீட்டில் கோட்டு சூட்டும் மாலையுமாகக் கனகவேல், பின்சீட்டில் தவசியப்பனின் தம்பிகள் குருவனும் சடையாண்டியும். கணவாய் மேட்டில் பாதி ஏறும்போது எஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு தட்டல். நிறுத்திச் சாவியை உருவினான் தவசியப்பன். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் பாட்டுக்குக் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது! ஒருவழியாக அது ஓய்ந்த பிறகு எல்லோரும் இறங்கினார்கள்.

தட்டல் எங்கிருந்து வருகிறதென்று காது கொடுத்துக் கேட்கலாம், ஆனால் எஞ்சின் ஓடினால் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காதே என்றான் சடையாண்டி. எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கனகவேல் கொதிக்கிற பானட்டில் காதை வைத்துப் படுத்துக்கொள்ள, மற்ற மூன்று பேரும் நிறுத்திய வண்டியை மூச்சிரைக்கத் தள்ளினார்கள். ஒரு சத்தமும் இல்லை. சரியாகிவிட்டது என்று ஏறிக் கிளப்பினால் மறுபடியும் டொக் டொக்.

நல்லவேளை, அங்கேயே மெக்கானிக் இருதயராஜின் ஷெட் இருந்தது. இருதயராஜ்தான் ஊரில் இல்லை. போன் போட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே ஏதோ ஒன்று பழுக்கச் சூடாகி, நேரத்துக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைக்கிறது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதை எடுத்தால் தட்டல் நிற்கிறதோ அதுதான் கோளாறு என்றார்.

முதலில் ஸ்டெப்னியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தார்கள். தட்டல் நிற்கவில்லை. பின்சீட்டைக் கழற்றினார்கள். ஹாரனைக் கழற்றினார்கள். கதவு இரண்டையும் கழற்றினார்கள். ம்ஹூம். குருவன் இறங்கினான், சடையாண்டி இறங்கினான். இரண்டும் ஒல்லிக்குச்சி, தட்டல் அசையவில்லை. கடைசியில் கனகவேல் இறங்கினான். ஆள் நூற்றுப்பத்து கிலோ. தட்டல் சுத்தமாக நின்றுவிட்டது.

குருவன் மெல்லப் போய்க் கனகவேலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, மெக்கானிக் சொன்னது சரிதான். பழுக்கச் சுடுது."

"மாப்ளே, உனக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டான் தவசியப்பன்.

கனகவேல் தீர யோசித்தான். "காலையிலேர்ந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கு மாமா. நான்தான் போல."

மறுபடி போன். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றதும் இருதயராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதை ஷெட்டுலயே வெச்சிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து பாத்துக்கறேன். உள்ள பழசு ஒண்ணு சும்மா கிடக்கும், அதைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

உள்ளே போனால், பழசு ஒன்று சும்மாத்தான் கிடந்தது. ஷெட்டுக் காவல்காரர், எழுபது வயசு, கயிற்றுக் கட்டிலில் மல்லாந்திருந்தார். கல்யாணச் சாப்பாடு என்றதும் அவரும் மறுப்பேதும் சொல்லவில்லை. கோட்டையும் மாலையையும் அவருக்குப் போட்டு முன்சீட்டில் பொருத்தினார்கள். கனகவேல் சமத்தாகக் கட்டிலில் படுத்துக்கொண்டான். கழற்றியதைத் திரும்ப மாட்டும்படி மெக்கானிக் சொல்லாததால் சீட்டையும் கதவையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். கார் பூப்போல மேடு ஏறியது.

ஆறுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மண்டப வாசல். மேளம் முழங்கியது. பெண்வீட்டார் ஆரத்தித் தட்டோடு வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்கடா என் பிள்ளை?"

தவசியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினான்.

"ஒரிஜினல் ஷெட்டுல இருக்குக்கா. நாளைக்குச் சாயங்காலம் ரெடியாயிடும். காலையில தாலி கட்டுற வரைக்கும் இது தாங்கும்."