அணில் இல்லாத கிளை

குளக்கரை மருத மரத்தடியில் கரடி வைத்தியம் பார்த்துவந்தது. கைராசிக்காரக் கரடி. முள் குத்தியது, கொம்பு கிழித்தது என்று காடே அங்கேதான் வந்து வரிசையில் நிற்கும். நாரை தண்ணீர் கொண்டுவரும். குரங்கு பச்சிலையைக் கசக்கிச் சாறு பிழியும். கீரி காயத்தைக் கழுவி, மரப்பட்டை நாரால் கட்டுப்போடும்.

முன்பு பச்சிலை பறிக்க ஓர் அணில் இருந்தது. மருத மரத்தின் தாழ்ந்த கிளைதான் அதன் இடம். ஒருநாள் அது தானாகவே வந்து, இலையை மாற்றிப் பறித்துவிட்டதாகச் சொன்னது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதைத் திட்டித் தீர்த்து, அந்த மரத்தை விட்டே போகச் சொல்லிவிட்டது கரடி. அன்றிலிருந்து மருத மரத்தடியில் தப்பே நடக்கவில்லை. கரடி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலை, புள்ளிமான் தன் குட்டியைத் திரும்பவும் கூட்டிவந்தது. கட்டுப்போட்ட கால் வீங்கி, கட்டு நாறியது.

"வீக்கம் முட்டிக்கு மேல ஏறினா இவ ஓட மாட்டா" என்றது மான். "ஓட முடியாத குட்டியைச் சிறுத்தை விட்டுவைக்குமா, வைத்தியரே?"

அந்தக் கட்டு கீரி போட்டதுதான். புதுநார் உரித்து ஊறவைக்க நேரம் பிடிக்கும். வரிசை நகராவிட்டால் கரடி உறுமும். அதனால், வேறொரு காயத்தில் கட்டியிருந்த பழைய நாரை அலசி இந்தக் காலில் சுற்றிவிட்டிருந்தது கீரி.

"யார் போட்ட கட்டு இது?" என்று கரடி கேட்டது.

நாரை கழுத்தை மடக்கிக்கொண்டது. குரங்கு அரிக்காத இடத்தில் சொறிந்துகொண்டது. கீரியின் கண் மட்டும் அதையறியாமலே மேலே, தாழ்ந்த கிளைக்குப் போனது. அங்கே அணில் இல்லை.

கரடியும் அந்தக் கிளையைப் பார்த்தது. தப்பைத் தானாக வந்து சொன்ன அணிலைத்தான் அது விரட்டியிருந்தது. இன்னொரு உறுமல் வரும் என்று கீரி உடம்பைச் சுருக்கிக்கொண்டது. வரவில்லை. கரடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது.

"யாருன்னு கேட்டது தப்பு. எங்க பிசகுச்சுன்னு பாப்போம். என்னுதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கட்டு போட்டதும் இவளை நான் பார்த்தேன். மேலே மட்டும் பார்த்தேன். பிரிச்சுப் பார்க்கல. நல்லாருக்கு, போன்னு அனுப்பிட்டேன்."

இத்தனை பெரிய கரடி இப்படிச் சொன்ன பிறகு, கீரி முன்னால் வந்தது. பழைய நாரைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னது. கரடி அதட்டவில்லை. அதைக் கண்டு நாரையும் வாய் திறந்தது: சுனை தூரம் என்பதால், எருமைகள் புரளும் துறையிலிருந்தே கொஞ்ச நாளாகத் தண்ணீர் கொண்டுவருகிறதாம்.

"ஆக, எருமை குளிச்ச தண்ணி, எவனோ கட்டின நாரு" என்றது குரங்கு. "மான் அக்கா நேரா எருமைகிட்டயே வைத்தியத்துக்குப் போயிருக்கலாம்."

கரடிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடத் துடித்தது. கீரிதான், ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றலாம், அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும் என்றது. சுனைத் தண்ணீரால் கழுவினார்கள். மறுநாள் நாற்றம் குறைந்திருந்தது, வீக்கம் குறையவில்லை. அடுத்துப் புதுநார் கட்டினார்கள். இந்தமுறை கரடி தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்தது. வீக்கம் வடிய ஆரம்பித்தது. நார் உரிக்க நேரமில்லையே என்று கீரி தவித்தபோது, வரிசையில் சும்மா நின்ற முயல்களே பட்டையை வாங்கி உரித்துக் கொடுத்தன.

குட்டி கரையோரம் துள்ளி ஓடிய அன்று, கரடி யாரிடமும் சொல்லாமல் காட்டின் மறுகோடிக்கு நடந்தது. பின்னாலேயே கீரியும் போனது. ஒரு புளியமரத்து உச்சியில் அணில் இருந்தது.

"கீழே வா, தங்கச்சி" என்றது கரடி. "உன் இடம் காலியாத்தான் இருக்கு. இப்பல்லாம் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து அன்னைக்குப் பிசகினதைப் பேசுறோம்."

அணில் இறங்கவில்லை. "நான் மறுபடி தப்புப் பண்ணினா திட்டுவீங்களா, அண்ணே?"

கரடி பொய் சொல்லவில்லை. "பழக்கதோஷம், திட்டினாலும் திட்டிடுவேன். அப்படித் திட்டினா, சாயங்காலம் அதையும் என் பிசகுன்னு எடுத்துச் சொல்லு."

அணில் யோசித்தது. பிறகு இறங்கி, கரடியின் தோளில் ஏறிக்கொண்டது. அந்த அகன்ற முதுகைப் பார்த்தபடி பின்னால் நடந்த கீரிக்கு, அந்தக் கரடி முன்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது.

தன் பிசகைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் செய்கிற வேலை நாளுக்கு நாள் நன்றாகும்.