மாரப்பனுக்கு லே-அவுட் போட்ட எறும்புகள்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. அங்கே லேத்து ஓட்டுகிற மாரப்பனுக்கு வாய் மட்டும் மூணு ஷிப்டும் ஓடும். அன்றைக்கு டீ வேளையில் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. புது லே-அவுட் போட்டு மெசின்களை இடம் மாற்றப் போகிறார்கள். ஃபேனுக்கடியில் சுகமாக இருந்த அவருடைய லேத்து உலைக்குப் பக்கத்தில் போகிறதாம்.

"எறும்பு போற வழில வாசம் உட்டு இரை தேடுற மாதிரியே கம்ப்யூட்டர் ஆயிரம் வழி போட்டுப் பாக்குதுங்ண்ணா. சாமானுக்கு அலைச்சல் கொறைஞ்ச வழில வாசம் ஏறும். மத்ததெல்லாம் மங்கிப்போயிரும். கடைசில நின்னது இதுதான்" என்று லேப்டாப்பில் படத்தைக் காட்டினாள் இன்ஜினியர் மதுரவல்லி.

மாரப்பன் டீயை உறிஞ்சினார்.

"கம்ப்யூட்டர் எறும்பாமா! அம்மிணி, பழைய கம்பெனில நான் நெச எறும்ப வெச்சே லே-அவுட் போட்டவனுங்க. தரையெல்லாம் நாட்டுச்சக்கரையத் தூவி உட்டேன். எறும்பு சாரை கட்டுன பக்கம் லேத்து, எட்டிப் பாக்காத பக்கம் மேனேஜர் ரூமு."

"மெசின எவன் நகத்துனான்?" என்றார் டிரில்லிங் மெசின் ஓட்டும் பொங்கியண்ணன்.

"கிரேனுக்குச் சொல்லியுட்டோம், வர நேரமாச்சு. எறும்புக பொறுக்குமா? அதுகளே லேத்தத் தூக்கிட்டுப் போயி, மட்டம் பாத்து, போல்ட்டும் முடுக்கிருச்சுக."

"ஸ்பேனரு?"

"கட்டெறும்புக்குக் கொடுக்கு எதுக்கு இருக்குது?"

பெஞ்சே சிரித்தது. மதுரவல்லி மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புள்ள மசிகிறாள் என்று மாரப்பன் இன்னும் ஒரு படி ஏறினார்.

"பொறவு ஒரு தேனீ வந்து எட்டுப் போட்டு ஆடுச்சு பாருங்க, லைசன்சு வாங்கப் போறவன்கூட அப்பிடிப் போடமாட்டான். அது ஆடிக் காட்டுன தெசைலதான் பெயிண்ட் செக்சன்னு தெரிஞ்சுபோச்சு. வழி சுருங்கிச் சுருங்கி, கேட்டுல இரும்பு வார்ப்பு எறங்கறதுக்குள்ள பம்பு பேக்காயி வெளிய போயிரும். ஒருக்கா பம்பு போயிச் சேந்த பொறவுதான் அந்தத் தோட்டத்துக்காரரு கெணறே வெட்ட ஆரம்பிச்சாரு!"

பொங்கியண்ணனுக்குப் புரையேறியது.

மதுரவல்லி லேப்டாப்பை மூடினாள். மாரப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அந்த எறும்புகளக் கூட்டிட்டு வாங்கண்ணா. அதுக சொல்ற எடத்துலயே உங்க லேத்த வெச்சுரலாம்."

மாரப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அதுக ஜப்பான்ல ஒரு கார் கம்பெனிக்கு லே-அவுட் போடப் போயிருக்குதுங்களே அம்மிணி! விசா முடிஞ்சாத்தான் வரும்."

"மெதுவா வரட்டுங்ண்ணா. அதுவரைக்கும் லேத்து உலைப் பக்கத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.