குடியோட்டி

கீழப்பொட்டலில் இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது என்று பூவராகன் சொன்னார். அது அவருடைய அக்காவின் வீடு.

குரு அவரைவிட வயதில் இளையவர். மடத்து முற்றத்தில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மற்றவர்கள்?"

"வாசலில் குடியோட்டி பூத்தது. கிளம்பிவிட்டார்கள்."

மஞ்சள் பூ, முள் இலை, ஒடித்தால் மஞ்சள் பால். அந்தச் செடி முளைத்த வாசலில் குடும்பம் தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காவி கட்டியவர் கையால் பிடுங்கினால் போய்விடும் என்று பூவராகனைக் கூப்பிடுவார்கள். அவரும் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிப் பார்த்தார்.

"இப்போது வீடுகளுக்குள்ளேயே பூத்திருக்கிறது ஐயா. அடுப்புக்குள்கூட. தெருவில் நடந்தால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது."

"அக்கா வீட்டில்?"

"இல்லை. நான் காவி கட்டிய நாளிலிருந்து அவள் என்னைப் படியேற விட்டதில்லை."

குரு திரும்பிப் பார்த்தார்.

"நேற்று பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பகலிலேயே பயமாக இருக்கிறதாம். கதவைத் திறந்து வைக்கிறேன், வரச் சொல் என்று. போகட்டுமா?"

"வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டும்."

பூவராகன் அவிழ்த்தார். கடுகு போல ஏழெட்டுக் கறுப்பு விதைகள் தரையில் விழுந்து உருண்டன.



"நான் ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை ஐயா."

"அதுவும் உம்மைக் கேட்டு ஏறவில்லை. அதன் சொந்த மண் மெக்சிகோ. அங்கே யாரோ இப்படித்தான் மடியை உதறாமல் கப்பல் ஏறியிருப்பார்."

"அங்கேயும் இதற்குக் குடியோட்டி என்றுதான் பெயரா?"

"அங்கே அதுதான் குடி."

காற்றே இல்லை. ஒரு விதை மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

"அப்படியென்றால் நான் போகக் கூடாது."

"போய் வாரும். படிக்குக் கீழேயே நில்லும். அவள் உம்மை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று கேளும்."

"சின்ன வயதில் வராகு என்பாள்."

"வராகு என்றால் உள்ளே போகலாம்."

"சாமி என்றால்?"

குரு கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"படியைப் பாரும். ஏற்கெனவே பூத்திருக்கும்."